கைக்குழந்தையோடு விமானத்தில்: ட்ராலியா, முதுகுப்பையா?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். மடியில் 2 வயது நிரம்பாத குழந்தை, பக்கத்தில் நாலைந்து வயதுப் பிள்ளை. இப்படிப் போகிறவர்கள் கேபினுக்குள் எந்தப் பையை எடுத்துப்போகலாம்?

சக்கரம் வைத்த ட்ராலி பெட்டி இருந்தால் தோள் வலிக்காது. வழவழப்பான தரையில் பிள்ளைகூடத் தள்ளிக்கொண்டு வரும். ஆனால் காலிப் பெட்டியே இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். பல விமானங்களில் அனுமதிப்பதோ 7 கிலோதான். விமானம் வரை பேருந்தில் கூட்டிப்போய்ப் படிக்கட்டில் ஏறச் சொன்னால், இடுப்பில் குழந்தையும் கையில் பெட்டியுமாகப் பெரும்பாடு. உள்ளே போனதும் பெட்டி தலைக்கு மேலே போய்விடும். சீட் பெல்ட் விளக்கு எரியும்போது அவசரமாக எதையும் எடுக்க முடியாது.

முதுகுப்பை என்றால் இரண்டு கையும் பிள்ளைகளுக்கு. எடையும் குறைவு, முன்சீட்டுக்கு அடியில் காலருகிலேயே இருக்கும். அதற்குள் ஒரு சின்ன ஜிப் கவர் போடுங்கள்: இரண்டு டயப்பர், ஈரத் துடைப்பான், ஒரு மாற்றுச் சட்டை. கழிவறைக்கு அதை மட்டும் உருவிக்கொண்டு போனால் போதும். அப்புறம், உங்களுக்கும் ஒரு டி-ஷர்ட் வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் நனைவது உங்கள் மடிதான்!

என் ஓட்டு முதுகுப்பைக்கே. ஒன்று மட்டும் கவனியுங்கள். தொட்டில் வசதிக்காக முதல் வரிசையைக் கேட்டு வாங்கினால் அங்கே முன்சீட்டு கிடையாது; விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் முதுகுப்பையும் மேலேதான் போகும். ஜிப் கவரை முன்பே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.