பிறர் கணினியிலும் கை தடுமாறாத டீமக்ஸ்

தொலைவிலுள்ள சர்வரில் மூன்று மணி நேரம் ஓடவேண்டிய தரவுத்தள வேலையைத் தொடங்கிவிட்டு, இணைப்பு ஒரு நொடி அறுந்ததற்காக அதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தவர்களுக்கு, டீமக்ஸ் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையை, மூடும்போதோ இணைப்பு அறும்போதோ, அதை நம்பி ஓடும் ஷெல்லுக்கும் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) அதன் கீழுள்ள கட்டளைகளுக்கும் இணைப்பு போய்விட்டது என்ற சமிக்ஞை செல்கிறது. பெரும்பாலான நிரல்கள் அதைப் பெற்றதும் நின்றுவிடுகின்றன. டீமக்ஸ் பின்னணியில் தனக்கென ஒரு சர்வர் நிரலை ஓடவிட்டு, ஷெல்களை அதன் பொறுப்பில் ஒப்படைத்துவிடுகிறது. நம் திரையில் தெரிவது அந்த நிரலை எட்டிப் பார்க்கும் ஒரு சன்னல் மட்டுமே. சன்னலைச் சாத்தினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். மறுநாள் வேறொரு கணினியிலிருந்து நுழைந்து, விட்ட இடத்திலேயே தொடரலாம்.

நிக்கோலஸ் மேரியட் எழுதி 2007இல் வெளிவந்த இந்தக் கருவி, 2009இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்க்கப்பட்டது. 1987 முதல் இதே வேலையைச் செய்துவந்த குனூ ஸ்கிரீன் இன்றும் இருக்கிறது என்றாலும், திரையைப் பலகங்களாகப் பிரிப்பதிலும் அமைப்புக் கோப்பின் தெளிவிலும் டீமக்ஸ் அதைவிட வசதியானது. லினக்ஸிலும் மேக்கிலும் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில், அதற்குள் லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் போன்றவற்றின் வழியாக ஓடும். பல ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்துபவன் என்ற முறையில் இதன் உறுதியில் எனக்குக் குறை ஏதும் இல்லை. குறை, இதன் இயல்பு அமைப்புகளில் சில காலத்துக்குப் பொருந்தாமல் நிற்பதிலும், அவற்றைத் திருத்தப் புகுந்தவர்கள் கருவியையே அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுவதிலும் இருக்கிறது. என் அமைப்புக் கோப்பும் ஒரு காலத்தில் இருநூறு வரிகளைத் தாண்டியிருந்தது, இப்போது பதினொன்று. மதிப்புகளை மாற்றலாம், விசைகளை மாற்றக்கூடாது என்ற ஒரே விதியால் வந்த குறைப்பு அது.

முதலில் விசைகளைப் பார்ப்போம். டீமக்ஸுக்கான எந்த ஆணைக்கும் முன்னால் கண்ட்ரோலையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தவேண்டும். இதைக் கண்ட்ரோல் ஏ என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே புதியவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை. ஸ்கிரீனின் பழக்கத்திலிருந்து வந்த அந்த அறிவுரையை நானும் கேட்டு நடந்தேன். பாஷ் ஷெல்லில் கண்ட்ரோல் ஏ வரியின் தொடக்கத்துக்குச் செல்லும் விசை. அதை நாளுக்கு நூறு முறை பயன்படுத்துகிறவர்கள் டீமக்ஸுக்காக அதைப் பறிகொடுப்பது நட்டக் கணக்கு. அதைவிடப் பெரிய சிக்கல், அமைப்புக் கோப்பு இல்லாத புதிய சர்வரில் நுழைந்ததும் கை பழைய விசையைத் தேடித் தடுமாறுவது. கண்ட்ரோல் பி விரலுக்கு எட்டவில்லை என்பதுதான் உண்மையான குறை என்றால், அதைத் தீர்க்கவேண்டிய இடம் டீமக்ஸ் அன்று, விசைப்பலகை. கேப்ஸ் லாக் விசையைக் கண்ட்ரோலாக மாற்றிவிடுங்கள். மேக்கில் விசைப்பலகை அமைப்புகளுக்குள்ளும், லினக்ஸ் மேசைத்தளங்கள் பலவற்றில் அமைப்பு அல்லது கூடுதல் அமைப்புக் கருவிக்குள்ளும் அதற்கு இடம் உண்டு. இந்த மாற்றம் நம் மேசையிலேயே இருப்பதால் எந்தச் சர்வருக்குள் போனாலும் கூடவே வரும். ஷெல்லுக்கும் உரைத்திருத்திக்கும்கூட அது பயன்படும். உள்ளூர் டீமக்ஸுக்குள் இருந்தபடி தொலைவிலுள்ள டீமக்ஸுக்குள் நுழைந்திருக்கும்போது, முன்விசையான கண்ட்ரோல் பியை இருமுறை அழுத்தினால் ஆணை உள்ளே இருப்பதற்குப் போய்ச் சேரும்.

மாற்றவேண்டிய மதிப்புகள் சிலவே. ஹிஸ்டரி-லிமிட் என்பது ஒரு பலகம் நினைவில் வைத்திருக்கும் வரிகளின் எண்ணிக்கை, இயல்பாக 2000. ஒரு பெரிய நிரலைத் தொகுக்கும்போது முதல் பிழைச் செய்தி மேலே எங்கோ போய் மறைவதற்கு இந்த எண்ணே காரணம். நான் 50,000 வைத்திருக்கிறேன். ஆனால் இந்த மாற்றம் அதன்பின் திறக்கும் பலகங்களுக்கே பொருந்தும் என்பதால், ஏற்கெனவே திறந்திருக்கும் பலகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அடுத்தது எஸ்கேப்-டைம். எஸ்கேப் விசையை அழுத்தியதும், அது தனி விசையா, ஆல்ட் போன்ற ஒரு கூட்டு விசையின் தொடக்கமா என்று தெரிந்துகொள்ள டீமக்ஸ் சற்றே காத்திருக்கும். பழைய பதிப்புகளில் இந்தக் காத்திருப்பு 500 மில்லிநொடி, அதாவது அரை நொடி. விம் பயன்படுத்துகிறவர்கள் உரைத்திருத்தி மந்தமாகிவிட்டது என்று புலம்பும் இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி இதுவே. பத்தாகக் குறைத்தால் தொல்லை தீரும். டீமக்ஸுக்குள் திறக்கும் முழுத்திரைப் பக்கங்களான சாளரங்களின் எண்ணைப் பூச்சியத்துக்குப் பதில் ஒன்றிலிருந்து தொடங்கச் செய்வது சிறிய திருத்தம். பூச்சியம் விசைப்பலகையின் வலக்கோடியில் இருப்பதால் அது தேவைப்படுகிறது. மவுஸை இயங்கச் செய்தால் உருட்டவும் பலகங்களின் அளவை மாற்றவும் வசதி. ஆனால் அதன்பின் உரையைத் தேர்ந்தெடுத்து நகலெடுப்பதும் டீமக்ஸின் கைக்குப் போய்விடும். பழைய முறையில் தேர்ந்தெடுக்க, பெரும்பாலான டெர்மினல்களில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டால் போதும்.

நிறங்கள் தனிக் கதை. டீமக்ஸுக்குள் ஓடும் நிரல்கள் தாம் எந்த வகை டெர்மினலில் இருக்கிறோம் என்பதை ஒரு சூழல் மாறியின் (ஷெல் தன் நிரல்களுக்குக் கொடுக்கும் பெயரிட்ட மதிப்பு) வழியாகவே அறிகின்றன. அதில் டீமக்ஸுக்கோ ஸ்கிரீனுக்கோ உரிய பெயர்தான் இருக்கவேண்டும். நிறம் சரியாக வரவில்லை என்பதற்காக ஷெல்லின் தொடக்கக் கோப்பில் அந்த மாறிக்கு எக்ஸ்டெர்ம் என்ற வேறொரு டெர்மினலின் பெயரைத் திணிப்பது பரவலான தவறு. நிறம் வந்துவிடும், ஆனால் விசைகளும் திரை துடைப்பதும் அங்கங்கே பிசகும். இயல்பு டெர்மினல் பெயரை அமைப்புக் கோப்பில் டீமக்ஸின் 256 நிற வகையாகக் குறிப்பிடுவதே சரியான வழி. அந்தப் பெயர் பதிவாகாத பழைய சர்வர்களில் நுழையும்போது அது அறியப்படாத வகை என்று புகார் வரும். அங்கே ஸ்கிரீனின் 256 நிற வகைக்கு மாறிக்கொள்ளலாம்.

அமைப்புக் கோப்பைப் பற்றி எந்த வழிகாட்டியும் போதிய அழுத்தத்துடன் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கோப்பு, சர்வர் நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு முறை படிக்கப்படுகிறது. திருத்தியபின் டெர்மினலை மூடித் திறப்பதால் எதுவும் மாறாது, ஏனென்றால் பின்னணியில் ஓடுவது பழைய சர்வரே. கோப்பை மறுபடி படிக்கும்படி சோர்ஸ்-ஃபைல் ஆணையைக் கொடுக்கவேண்டும். அப்போதும் ஒரு பொறி இருக்கிறது. கோப்பிலிருந்து ஒரு வரியை நீக்கிவிட்டு மறுபடி படிக்கச் சொன்னால், நீக்கிய அமைப்பு நீங்காது. ஏற்கெனவே ஏற்றிய மதிப்பு சர்வரின் நினைவில் அப்படியே நிற்கும். எந்த வரி என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்த ஒரு மாலை முழுவதும் இதனால் எனக்கு வீணாயிற்று. இத்தகைய சோதனைகளுக்கு, எல் என்ற பேரெழுத்து விருப்பத்துடன் வேறு பெயரில் தனிச் சர்வர் ஒன்றைத் தொடங்கி, முடிந்ததும் அதை மட்டும் கொன்றுவிடுவது பாதுகாப்பானது. அன்றாட வேலைகள் ஓடும் சர்வருக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு சாளரத்தின் எல்லாப் பலகங்களிலும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும் வசதி கவர்ச்சியானது. நான்கு சர்வர்களின் பதிவுக் கோப்புகளை அருகருகே பார்க்க அதைப் போட்டவன், அணைக்க மறந்து, ஒன்றில் மட்டும் கொடுக்கவேண்டிய மறுதொடக்க ஆணையை நான்கிலும் கொடுத்தேன். தவறு முழுக்க என்னுடையதுதான். இருந்தாலும் இந்த நிலை திரையில் எடுப்பாகத் தெரியாதபடி விட்டிருப்பதைக் கருவியின் குறையாகவே எண்ணுகிறேன். நிலைப்பட்டையில், இந்த வசதி இயங்கும்போது மட்டும் சிவப்புப் பின்னணியில் ஒரு சொல் தோன்றும்படி நிபந்தனை எழுதலாம். என் பதினொரு வரிகளில் மிக நீளமானது அதுவே.

சர்வருக்குள் நுழையும் சாவிகளை வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் ஏஜெண்ட் நிரலைத் தொலைவுக்குக் கடத்திப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றைச் சந்திப்பார்கள்: மறுநாள் அமர்வில் மீண்டும் இணைந்ததும் நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட்டின் கட்டளைகள் அனுமதி இல்லை என்று மறுக்கும். ஏஜெண்டை அணுகும் வழியான சாக்கெட் ஒவ்வொரு நுழைவிலும் புதிய பாதையில் உருவாகிறது. ஏற்கெனவே ஓடும் ஷெல்களோ பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு நுழைவிலும் முகப்பு அடைவில் மாறாத பெயருள்ள ஒரு குறியிணைப்பைப் புதிய சாக்கெட்டுக்குத் திருப்பிவிட்டு, டீமக்ஸுக்குள் உள்ள ஷெல்கள் அந்தப் பெயரையே பார்க்கும்படி செய்தால் இது தீரும்.

தமிழ் உரையைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. டீமக்ஸ் திரையைக் கட்டங்களாகவே கணக்கிடுகிறது. கொம்பும் காலும் சேரும் எழுத்துகள் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதில் டீமக்ஸும் வெளியே உள்ள டெர்மினலும் உடன்படாதபோது, சுட்டி ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். பலகம் பிரித்த திரையில் நடுக்கோடும் கோணலாகும். தமிழ்க் கோப்புகளைத் தனி உரைத்திருத்தியில் திறப்பதே என் வழக்கம்.

அடியில் விசைகளைக் காட்டிக்கொண்டே இருக்கும் செல்லிஜ், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட புதிய போட்டியாளர். சொந்தக் கணினியில் மட்டும் வேலை செய்கிற புதியவர்களுக்கு அதையே முதலில் பரிந்துரைப்பேன். பிறருடைய சர்வர்களுக்குள் அடிக்கடி நுழைய வேண்டியவர்களுக்கு டீமக்ஸ். கணினியே மறுதொடக்கமானால் டீமக்ஸின் அமர்வுகளும் போய்விடும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அவற்றை மீட்பதாகச் சொல்லும் செருகுநிரல்கள் பலகங்களின் அமைப்பையும் அடைவுகளையும் திருப்பித் தருமே தவிர, பாதியில் நின்ற வேலையைத் தொடராது. மறுதொடக்கத்தைத் தாண்டி ஓடவேண்டியதை, லினக்ஸில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாக எழுதிவிட்டு, அதன் பதிவைப் பார்க்க ஒரு பலகத்தை ஒதுக்குங்கள்.