ரெய்டு 5 போட்ட நாஸ் பெட்டி: ஐந்து வருட அனுபவம்

கல்யாண வீடியோ எடுக்கும் எங்கள் ஸ்டுடியோவுக்கு 2019-இல் நான்கு டிஸ்க் போடுகிற நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லா கம்ப்யூட்டருக்கும் ஃபைல் கொடுக்கும் பெட்டி) ஒன்று வாங்கினேன். டிஸ்க் ஒவ்வொன்றும் 4 டிபி. "ரெய்டு 5 போட்டுத் தர்றேன் சார், இனிமே டேட்டா போகவே போகாது" என்றார் கடைக்காரர். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் டேட்டா தப்பும்படி எழுதும் முறைதான் ரெய்டு 5. 16 டிபிக்குக் காசு கொடுத்தேன், திரையில் தெரிந்தது 10.9. ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்குப் போய்விடும் என்பதும், மிச்சம் 12-ஐ டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் கணக்குப் போட, பெட்டி 1024-ஆல் கணக்குப் போடும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

பாரிட்டி என்பது சீட்டுக் கணக்கு மாதிரி. மூன்று பேர் கட்டிய தொகையையும் மொத்தத்தையும் குறித்து வைத்திருந்தால், ஒருவர் தொகை அழிந்தாலும் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பேருடையது அழிந்தால் முடியாது. (பெட்டி கூட்டல் போடுவதில்லை, எக்ஸ்ஆர் (XOR) என்ற பிட் கணக்கைப் போடுகிறது.) 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சனும் கூட்டாளிகளும் ரெய்டு (RAID) என்று பெயர் வைத்தபோது, அதில் 'ஐ' என்றால் 'இன்எக்ஸ்பென்சிவ்', விலை மலிவு. பிறகு அதை 'இன்டிபெண்டென்ட்' ஆக்கிவிட்டார்கள். என் பில்லைப் பார்த்தால் மாற்றியது நியாயம்தான்.

தினசரி வேலைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி வரை வரும், எடிட்டிங்குக்குப் போதும்.

மூன்றாம் வருடம் ஒரு முகூர்த்த நாள், விடாமல் பீப் சத்தம். திரையில் 'டீகிரேடட்'. மூன்றாம் டிஸ்க் போய்விட்டது. ஃபைல்கள் எல்லாம் திறந்தன. பெட்டி நிற்காமல் ஓடியது, அதற்குத்தான் ரெய்டு. அவசரத்தில் மலிவாகக் கிடைத்த 4 டிபி டிஸ்க்கைச் செருகினேன். ரீபில்ட், அதாவது போன டிஸ்க்கில் இருந்ததைப் புது டிஸ்க்கில் மறுபடி எழுதும் வேலை, ஆரம்பித்தது. மறுநாள் காலை பார்த்தால் 9 சதவீதம்! அது எஸ்எம்ஆர் டிஸ்க். ஓட்டு வேய்ந்த மாதிரி தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதுவதால், தொடர்ந்து எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும். பிடுங்கிவிட்டு, தடங்களைத் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் டிஸ்க் போட்டேன், 11 மணி நேரத்தில் முடிந்தது. அதுவரை மிச்ச மூன்றில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. நான்கும் ஒரே நாள், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தவை. வயதும் ஒன்று, ஓடிய நேரமும் ஒன்று. வாங்கும்போது இது உறைக்கவில்லை.

உண்மையான நஷ்டம் டிஸ்க்கால் வரவில்லை. போன வருடம் என் மச்சான் இடம் காலி பண்ணுகிறேன் என்று ஒரு ரிசப்ஷன் ஃபோல்டரையே அழித்துவிட்டான். ரெய்டும் சொன்னபடி நான்கு டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துக் கொடுத்தது. பெண் வீட்டில் ஆல்பத்துக்காக வாங்கிப்போன பென்டிரைவில் 300 படம் இருந்தது, மானம் தப்பியது. வீடியோ கிடைக்கவே இல்லை. அன்றைக்கே, ஃபைல்களின் பழைய நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை ஆன் செய்தேன். இப்போது மாதம் ஒரு தடவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து மாமியார் வீட்டு பீரோவில் வைக்கிறேன்.

ஒன்றாம் டிஸ்க்கின் உடல்நிலை சொல்லும் ஸ்மார்ட் பட்டியலில் 'ரீஅலொகேட்டட் செக்டார்' (கெட்டுப்போனதால் டிஸ்க் மாற்றிக்கொண்ட இடங்கள்) போன மாதம் 8, இந்த மாதம் 24. பீப் அடிக்கும் வரை காத்திருக்கப் போவதில்லை. வேறு கடையில் சிஎம்ஆர் டிஸ்க் சொல்லியாயிற்று.