செவ்வகப் பெட்டியா, திராட்சைத் தோட்டமா? கச்சேரி அரங்கின் இரண்டு வடிவங்கள்

மேற்கத்திய செவ்வியல் இசைக்கு இன்று அரங்கு கட்டுபவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு முன்மாதிரிகளை: 1870-இல் திறந்த வியன்னாவின் மூசிக்ஃபெரைன், 1963-இல் திறந்த பெர்லின் ஃபில்ஹார்மோனி.

மூசிக்ஃபெரைனின் பெரிய அரங்கு நீண்ட செவ்வகம். அகலம் ஏறத்தாழ 19 மீட்டர்தான், சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. வயலின் ஒலி மேடையிலிருந்து நேராக வந்த கையோடு, பக்கச் சுவரில் பட்டுத் திரும்பியதும் வந்துவிடும். நடுவில் நொடியில் நூறில் சில பங்குதான் இடைவெளி. காது அதை எதிரொலியாகப் பிரிக்காது, இசை இருபுறமும் சூழ்ந்ததாகவே உணரும். ஆள் நிறைந்திருந்தாலும் எதிர்முழக்கம், அதாவது இசை நின்ற பிறகும் அரங்கில் நீடிக்கும் ஒலி, சுமார் 2 நொடி நிற்கும். பக்க மாடங்களில் பல இருக்கைகளுக்கு மேடை சரியாகத் தெரியாது என்பது மட்டும் குறை.

பெர்லினில் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஷரூன் மேடையை நடுப்பக்கம் கொண்டுவந்து, மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டம் போல இருக்கைகளைச் சுற்றிலும் அடுக்கினார். சுவர்கள் விலகிப்போனதால், அடுக்குகளுக்கு இடையிலான குட்டைச் சுவர்களே ஒலியைத் திருப்பித் தருகின்றன. மேடைக்கு மேலேயும் அதற்கெனத் தகடுகள் தொங்குகின்றன.

இதே வழியில் வந்ததுதான் 2017-இல் திறந்த ஹாம்பர்க் எல்ப்ஃபில்ஹார்மோனி. இசைக்குழு நடத்துநரிடமிருந்து 30 மீட்டருக்கு அப்பால் ஒரு இருக்கைகூட இல்லை. ஆனால் 2019-இல் பாடகர் யோனாஸ் கௌஃப்மன் அங்கே இசையமைப்பாளர் மாலரின் படைப்பைப் பாடியபோது, கேட்கவில்லை என்று சிலர் கூவியே விட்டார்கள். மனிதக் குரல் முன்பக்கம்தான் பாயும். பாடகரின் முதுகுப்பக்கம் உட்கார்ந்தவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் இசைக்குழுவின் ஒலிதான். அதனால் ஆர்கெஸ்ட்ரா மட்டும் என்றால் தோட்டம், பாட்டும் உண்டென்றால் செவ்வகம்தான் என் தேர்வு.

சரி, ஸ்பீக்கர் வைத்தால்? இரண்டுமே சிரமம். 2 நொடி முழக்கத்தில் டிரம்ஸும் பேச்சும் குழம்பிவிடும். சுவரை மறைக்கும் கனத்த திரைச்சீலைகள் வேண்டும். அப்போதும் கீழ்ச்சுருதி முழக்கம் அவ்வளவாகக் குறையாது. செவ்வகத்தில் வேலை ஓரளவு எளிது. மேடையின் இருபுறமும் லைன் அரே (ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாகக் கோத்த) ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டு, கூரையில் படாமல் இருக்கைகளை நோக்கித் திருப்பினால் பெரும்பகுதி முடிந்தது. தோட்டத்தில் நாலாபக்கமும் ஸ்பீக்கர் கொத்துகள் வேண்டும். ஒரு கொத்தின் ஒலி எதிர்ப்பக்கத்து ரசிகருக்குத் தாமதமாகப் போய், அவர் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியோடு மோதும். இதையெல்லாம் கட்டி முடித்த பிறகு சரிசெய்வது மிகக் கடினம். ஆகவே வரைபடக் கட்டத்திலேயே ஒலியமைப்பாளரைக் கட்டடக் கலைஞரோடு உட்கார வைத்து, கூரையில் எந்த இடம் எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்பது வரை முடிவுசெய்துவிட வேண்டும்.