33 கேஈவி பக்கம் வந்தால் எது கைகொடுக்கும்: கதிர்மூலமா, எக்ஸ்ரே குழாயா?

எக்ஸ்ரேயின் ஆற்றல் இரண்டு மடங்கானால் சின்டிலேட்டரில் (கதிர் பட்டால் ஒளிரும் பொருளில்) ஒளியும் சரியாக இரண்டு மடங்காகிவிடாது. தாலியம் கலந்த சோடியம் அயோடைடை எடுத்துக்கொள்ளுங்கள். 662 கேஈவி-யில் (கிலோ எலக்ட்ரான்வோல்ட், கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஒரு கேஈவி-க்கு எவ்வளவு ஒளி தருகிறதோ, 20 கேஈவி அருகில் அதைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் தரும். ஆற்றலுக்கு ஏற்ப இந்த ஒளி மாறும் வளைவை அளக்க இரண்டு வழியையும் பார்த்துவிட்டு, நான் எக்ஸ்ரே குழாயும் ஒற்றையாற்றலாக்கும் சிலிக்கான் படிகமும் சேர்ந்த அமைப்புக்குப் போனேன்.

கதிர்மூலங்கள், அதாவது தானே கதிர் வீசும் பொருட்கள், மலிவு, மின்சாரம் வேண்டாம், மேசையில் வைத்தால் போதும். அமெரிசியம்-241 தருவது 59.5 கேஈவி, காட்மியம்-109 தருவது 22-உம் 88-உம், கோபால்ட்-57 தருவது 122. கோபால்ட்டின் அரை ஆயுள் 272 நாள்தான், மறுபடி மறுபடி வாங்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அயோடினின் கே-விளிம்பு, 33.17 கேஈவி: அணுவின் மிக உள்ளே இருக்கும் கே-கூட்டிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல். அதைச் சற்றே தாண்டிய ஃபோட்டான் கே-கூட்டு எலக்ட்ரானை வெளியே தள்ளும்போது அந்த எலக்ட்ரானுக்கு மிச்சமாகும் ஆற்றல் மிகக் குறைவு. மற்றதெல்லாம் அயோடினின் சொந்த எக்ஸ்ரேயாகவும் ஓஜே எலக்ட்ரான்களாகவும் (அந்தக் காலியிடம் நிரம்பும்போது அணு வெளியே தள்ளும் எலக்ட்ரான்கள்) பிரிந்துபோகிறது. ஆகவே அங்கே வளைவில் ஒரு பள்ளம் விழும். அதைப் பார்க்க விளிம்புக்கு இருபுறமும் நெருக்கமாகப் புள்ளிகள் வேண்டும்.

சீசியம்-137-இல் 32 இருக்கிறதே என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது பேரியத்தின் எக்ஸ்ரே: கே-ஆல்ஃபா 32-இல், விளிம்புக்குக் கீழே, கே-பீட்டா 36.4-இல், விளிம்புக்கு மேலே. சோடியம் அயோடைடு இரண்டையும் ஒரே மேடாகத்தான் காட்டும். பள்ளத்தின் இரு கரையையும் கலந்து சராசரி எடுத்த புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சிலிக்கான் படிகத்தைத் திருப்பினால் 32.5, 33, 33.5 என்று வேண்டியபடி நகரலாம். சிலிக்கானின் 111 என்ற அணுத்தளத்தில் 33 வைத்தால், அதே கோணத்தில் எதிரொளிக்கும் மூன்று மடங்கு ஆற்றலான (மூன்றாம் படி) 99-உம் கூடவே வரும். குழாயை 90 கிலோவோல்ட்டில் நிறுத்தினால் 90 கேஈவி-க்கு மேல் எதுவும் வராது, அந்தத் தொல்லை இல்லை. மின்னோட்டத்தையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றாக விழுந்து 66-இல் பொய் மேடு எழும்.

10 கேஈவி-க்குக் கீழே நான் அதிகம் அளந்ததில்லை, அங்கே சோடியம் அயோடைடு படிகத்தின் அலுமினிய உறையே பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. சின்க்ரோட்ரான் (வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய துகள்முடுக்கி) கிடைப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

அப்புறம், சீசியத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. சின்டிலேட்டரின் ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஒளிப்பெருக்கிக் குழாயின் பெருக்கம் மெல்ல நகரும், அதனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் சீசியத்தின் 662-ஐ ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.