மட்டக்களப்பில் இருக்கிறவர்கள் கவனிக்கவும்: அந்த விளம்பரத்தில் இருப்பது என் அம்மா தைத்த போர்வை

இன்று காலை தங்கச்சி ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, இது எங்கட அம்மான்ர போர்வை எல்லோ?" என்று கேட்டிருந்தாள். பார்த்த நேரம் தொடங்கிய கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். இப்படியான வகுப்புக்குக் காசு கட்ட முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

விளம்பரம் இதுதான். மட்டக்களப்பில் குவில்ட் போர்வையும் (இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்து மூன்று படையாகத் தைக்கிறது) கைத்தையலும் பழக்கும் பட்டறை, ஊசி பிடிக்கத் தெரியாதவர் முதல் நன்றாகத் தைக்கிறவர் வரை எல்லாரும் சேரலாம், ஆறு சனிக்கிழமை. படத்துக்குக் கீழே, "மூன்றே வகுப்பில் எங்கள் மாணவி தைத்தது."

எந்த மாணவி? அது அம்மா தைத்தது. 1990இல் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த பிறகு, பழைய நூல்சாறிகளையும் சீத்தைத் துண்டுகளையும் வெட்டி, லாம்பு வெளிச்சத்தில் மாதக்கணக்காக இருந்து தைத்தது. இடது மூலைக்குக் கிட்ட நீலநூல் முடிந்துபோக, ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் சிவப்பு நூலால் ஓடியிருப்பார். விளம்பரப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பு நூல் அப்படியே தெரிகிறது.

இதே ஆட்களிடம்தான் பெப்ரவரியில் 28,500 ரூபாய் கொடுத்தேன். வகுப்புக்கு 22,000, துணி பஞ்சு ஊசிக்கு 6,500. சீட்டு எடுத்த காசு.

நான் திருகோணமலை பாலையூற்றில் வீட்டோடு இருந்து சாறிச் சட்டை தைக்கிறவள். இருபது வருசமாக மெஷின்தான் சோறு போடுகிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை வெளிநாட்டுச் சனம் வரும். அவர்களுக்குக் குஷன் உறை, சின்னக் குவில்ட் என்று தைத்துக் கொடுத்தால் சட்டைத் தையலை விட நாலு காசு கூடக் கிடைக்கும் என்று கனநாளாக ஒரு யோசனை. அதற்காகத்தான் போனேன்.

பெப்ரவரி நடுவில் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் மாடியில் இலவச அறிமுகக் கூட்டம் வைத்தார்கள். "வீட்டில் பழைய கைத்தையல் இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருந்ததால் அம்மாவின் போர்வையை மடித்து எடுத்துப் போனேன். மற்றவர்கள் கொண்டுவந்ததை மேலோட்டமாகப் பார்த்த அந்த ரீச்சர், இதை மட்டும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தா. தைக்கத் தெரிந்தவர்கள்தான் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கேதான் நான் விழுந்தேன். கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்து வைத்து, நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினா. இஞ்சிக்கு ஒன்பது தையல்.

"அக்கா, மூண்டு படையையும் சேர்த்துக் கையால ஒன்பது தையல்! உங்கட அம்மாக்கு முன்னால நான் ஒண்டுமே இல்ல. நீங்க அளவா வெட்டிப் பொருத்துற முறையை மட்டும் பழகினாக் காணும், ஏற்றுமதிக்கே செய்யலாம்" என்றா. பிறகு மெல்லிய குரலில், "ஒரு படம் எடுக்கட்டே அக்கா? என்ர பிள்ளையளுக்குக் காட்ட" என்று கேட்டா.

அம்மா போய்ப் பன்னிரண்டு வருசம். அந்தத் துணியை அப்படித் தடவிப் பார்த்து ஒருவரும் கதைத்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பக்கமும் விரித்துப் பிடித்து, படம் எடுக்க நானே உதவி செய்தேன். அன்றைக்குப் பின்னேரமே 28,500 ரூபாயையும் வங்கியில் போட்டேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில், அதுவும் ரீச்சரின் பெயர் இல்லை. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பற்றுச்சீட்டும் கேட்கவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை முதல் வகுப்பு. இரண்டு ரீச்சர்மார் என்றார்கள், ஒருவர்தான் வந்தா, அவவும் பதினொரு மணிக்கே போய்விட்டா. முப்பதுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு இரண்டு கத்தரிக்கோல். எனக்குப் பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை, ஊசியில் நூல் கோர்த்தே பழக்கம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு முடிச்சுப் போடவும் ஓட்டுத் தையல் ஓடவும் காட்டிக் கொடுத்தது நான். எல்லாத் தரத்தவருக்கும் என்று சொல்லிவிட்டு ஒரு தரத்தவருக்கும் ஒன்றும் படிப்பிக்கவில்லை. கால் இஞ்சித் தையல் விளிம்பு என்று பலகையில் எழுதினா. அது ஒவ்வொரு துண்டிலும் பிசகாமல் வராவிட்டால் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. அதை எப்படிப் பிடிப்பது என்பதைத்தானே படிப்பிக்க வேண்டும்? சதுரம் வெட்டச் சொன்னா, கையில் கிடைத்ததைக் கொண்டு ஆளுக்கொரு அளவில் வெட்டினோம், போட்டோ எடுத்தார்கள், முடிந்தது.

6,500 ரூபாய்ப் பையைச் சொல்லுகிறேன். சுத்தப் பருத்தித் துணி, பருத்திப் பஞ்சு விரிப்பு, குவில்ட் தைக்கிற கட்டை ஊசி, விரலுறை, துணியை இழுத்துப் பிடிக்கிற வளையம். சொன்னது இவ்வளவும். இருந்தது கார்மன்ட் வெட்டுத்துண்டு ஒரு கட்டும், தலையணைக்குள் அடைக்கிற மாதிரிப் பஞ்சும், சாக்குத் தைக்கிற அளவு நீட்டு ஊசிகளும். மூன்று படைக்குள்ளால் ஊசியை ஏற்றி இறக்கிச் சின்னத் தையல் போட ஒன்பதாம், பத்தாம் நம்பர்க் கட்டை ஊசி வேண்டும். நீட்டு ஊசி வளையும், தையல் நீளும். வீட்டுக்கு வந்து துணியில் ஒரு நூலை உருவி நெருப்பில் பிடித்தேன். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் தொட்டால் உதிரும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகி விரலில் குத்தியது. அந்தப் பஞ்சை வைத்து ஒரு சாண் தைத்துப் பார்த்ததில் இரண்டு நாளில் தும்பு துணிக்கு மேலால் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வகுப்பே இல்லை. மார்ச் முதலாம் சனி ரீச்சருக்குக் காய்ச்சல். அடுத்த கிழமை மண்டபம் கிடைக்கவில்லை. பிறகு, "கோயில்ல திருவிழா அக்கா, சனம் வராது" என்றார் ஒழுங்கு செய்கிற தம்பி. பிறகு வருசப்பிறப்பு. பிறகு வெசாக் லீவு. ஒவ்வொரு முறையும் "அடுத்த சனி கட்டாயம்." விடுதிக்காரரிடம் நேரே போய்க் கேட்டேன். அவர்கள் வகுப்புக்கென்று ஒரே ஒரு நாளுக்குத்தான் மண்டபம் எடுத்தார்களாம்.

நான் காசைத் திருப்பிக் கேட்டேன். அதுவரைக்கும் 'அக்கா'. கேட்ட அன்றிலிருந்து 'மேடம்'. "மேடம், ஒரு வகுப்பு நடத்தியாச்சு, சாமானும் தந்தாச்சு. கட்டின காசு திருப்பித் தாறேல்ல." ஐந்து வகுப்பு எங்கே தம்பி என்று கேட்டால், "டீச்சரோட கதையுங்க." ரீச்சருக்கு எடுத்தால், "காசு விசயம் எனக்குத் தெரியாது, தம்பியோட கதையுங்க." வட்ஸ்அப் குழுவில் மூதூர்த் தங்கச்சி ஒருத்தி தன் காசைப் பற்றி எழுதின பின்னேரமே, வேறு ஒருவரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார்கள். 28,500 ரூபாய்! எத்தனை சட்டைக்குக் கொக்கி தைத்தால் அந்தக் காசு வரும் என்று இவர்களுக்குத் தெரியுமா?

இதற்குள் சீசனும் தொடங்கிவிட்டது. என் கையில் விற்க ஒரு உறை இல்லை.

இன்னொன்று, எல்லாரும் கவனியுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க மூன்று மாதம்தான் இருக்கிறது, சேவை தந்த நாளிலிருந்து. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். காய்ச்சல், திருவிழா, வருசப்பிறப்பு, வெசாக் என்று இழுத்ததில் எனக்கு மிஞ்சியிருப்பது சில நாட்கள். நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். வங்கித் துண்டும் குரல் பதிவுகளும் பத்திரமாக இருக்கின்றன.

கவனிக்க வேண்டியவை. நிதானமாக எழுத இருந்தேன், முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். தனி ஆளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள். பற்றுச்சீட்டுக் கேளுங்கள், கேட்டால் தந்தேயாக வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் என்றும் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். ஆறு சனிக்கிழமை வந்து இருந்ததற்கு என்.வி.கியூ. தரமாட்டார்கள், அதற்கு மதிப்பீடு இருக்கிறது. பையைப் பிரித்துப் பார்க்காமல் சாமானுக்குக் காசு கொடுக்காதீர்கள், ஒரு நூலை எரித்துப் பாருங்கள். முழுக் காசையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள். முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

உங்கள் வீட்டுப் பழைய தையலைப் படம் எடுக்க விடாதீர்கள்.

மட்டக்களப்பில் யாராவது ஏற்கெனவே காசு கட்டியிருந்தால் இன்றைக்கே எனக்கு எழுதுங்கள். உப்புவெளி வகுப்புக்கு வந்த கிண்ணியா, மூதூர், சாம்பல்தீவுப் பிள்ளைகளும் எழுதுங்கள், எல்லாருடைய முறைப்பாடும் ஒன்றாகப் போகட்டும். போர்வை என் அலுமாரியில் இருக்கிறது. சிவப்பு நூல் உள்ள மூலையைப் படம் எடுத்து, இன்றைய திகதி தெரிய இதோடு போட்டிருக்கிறேன். அந்த விளம்பரம் கண்ணில் படுகிற இடமெல்லாம் இதையும் அதற்குக் கீழே போடுங்கள்.