வில்பத்தா, முல்லைத்தீவுக் காட்டுச் சாலையா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நாளில் காடு பார்த்துத் திரும்ப வேண்டுமென்றால், என் தெரிவு முல்லைத்தீவு. ஏ9 நெடுஞ்சாலை வழியே முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு (வாங்காமல் போவது வழக்கமில்லை) மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால், ஒட்டுசுட்டான் வரை பாலை, வீரை, முதிரை மரங்கள் இருபுறமும் ஓங்கி நிற்கும். மயில், குரங்கு தாராளம். அந்தி சாய்ந்தால் யானை வீதிக்கு வரலாம், ஆகவே வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். திரும்பும்போது வட்டுவாகல் பாலத்தில் நந்திக்கடல் களப்பின் பறவைகளைப் பார்த்து, பரந்தனில் மீண்டும் ஏ9 ஏறலாம். சொந்த வாகனம் போதும், டிக்கெட் இல்லை. போர் நடந்த மண். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் வீதியை விட்டு இறங்கவே கூடாது.

சிறுத்தைதான் வேண்டும் என்பவர்களுக்கு வில்பத்து. 1938இல் தேசியப் பூங்காவான இடம். இயற்கையான மழைநீர்க் குளங்களின் கரையில் காத்திருந்தால் அதிர்ஷ்டம் வாய்க்கலாம். பாலைப்பழக் காலத்தில் கரடி மரமேறும். ஆனால் அநுராதபுரம் தாண்டி ஹுனுவிலகமை வாயில் வரை ஓடி, ஜீப் பிடித்து, அன்றே வீடு திரும்புவது முதுகுக்குத் தண்டனை. அநுராதபுரத்தில் முதல்நாள் இரவு தங்கினால் மட்டுமே நான் சம்மதிப்பேன்.