ஒரு கேள்வி, இரண்டு கட்டம்: ஆஸ்திரேலியாவின் திருமணச் சட்டத் தபால் கணக்கெடுப்பு தேறியதா?

திருமணம் என்பது "ஓர் ஆணும் ஒரு பெண்ணும்" இணைவது என்ற வரையறையை ஆஸ்திரேலியா 2004-ல்தான் தன் 1961 திருமணச் சட்டத்துக்குள் எழுதிச் சேர்த்தது. அதை மாற்றலாமா என்று 2017-ல் தபாலில் மக்களிடம் கேட்டது. இதை ஒரு பொதுச்சேவையாக எடைபோட்டால், அஞ்சல் வேலைக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். கேள்விக்குப் பாதிகூடத் தேறாது.

முதலில் உறை. உள்ளே மூன்று உருப்படிகள்: விளக்கக் கடிதம், பதில் படிவம், தபால்தலை தேவைப்படாத பதிலுறை. படிவத்தில் ஒரே கேள்வி: ஒரே பாலின இணையர் திருமணம் செய்துகொள்ள வழிவிட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டுமா? கீழே ஆம், இல்லை என இரண்டு கட்டம். ஒன்றில் குறியிட்டு, உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டியில் சேர்த்தால் முடிந்தது. ஒவ்வொரு படிவத்திலும் தனி பார்கோடு உண்டு. படிவம் கிழிந்தாலோ தொலைந்தாலோ அக்டோபர் 20-க்குள் புதியது கேட்கலாம். புதியது வந்ததும் பழைய பார்கோடு செல்லாது. பெயரையும் பதிலையும் ஒரே ஊழியர் சேர்த்துப் பார்க்க முடியாதபடி வேலையைப் பிரித்திருந்தார்கள். வெளிநாட்டில் இருப்போர் முதலான சிலருக்குப் படிவத்துக்குப் பதிலாக ரகசிய எண் தந்து, இணையத்திலோ தொலைபேசியிலோ பதில் பெற்றார்கள்.

சிக்கல் வந்த இடங்கள் சின்னவை, ஆனால் கவனிக்க வேண்டியவை. உறைக்குள் வேறெதுவும் போடாதீர்கள், குறிப்பாக மினுமினுப்புத் தூள் வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லவேண்டி வந்தது; பிரித்துப் படிப்பது இயந்திரம், தூள் அதைக் கெடுக்கும். (கொண்டாட்ட மனநிலைக்கு அரசு விதித்த ஒரே தடை இதுவாகத்தான் இருக்கும்.) அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுத் தபால் பெட்டிகளிலிருந்து உறைகள் காணாமல் போனதாகப் புகார்கள் வந்தன. முகவரி மாறியும் தேர்தல் பட்டியலைத் திருத்தாதவர்களின் உறை பழைய வீட்டுக்கே போனது. பட்டியலில் சேரவும் திருத்தவும் ஆகஸ்ட் 24 வரைதான் அவகாசம்.

நடத்தியது தேர்தல் ஆணையம் இல்லை, புள்ளியியல் துறை. மக்கள் வாக்கெடுப்புக்கான மசோதாவை நாடாளுமன்ற மேலவை இரண்டு முறை ஏற்க மறுத்தது. அதனால் அரசு இதற்குப் "புள்ளிவிவரம் திரட்டல்" என்று பெயர் சூட்டி, நிதியமைச்சரின் அவசர நிதியிலிருந்து 12.2 கோடி டாலர் ஒதுக்கியது. இதை எதிர்த்து, நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் செப்டம்பர் 7 அன்று தள்ளுபடியாயின. ஐந்தே நாளில் உறைகள் கிளம்பிவிட்டன.

இப்போது கேள்விக்கு வருவோம். பெரிய குறை இங்கேதான். படிவத்தோடு எந்த மசோதா வரைவும் இணைக்கப்படவில்லை. சட்டம் எந்தச் சொற்களில் மாறும், மதகுருமாருக்கு என்ன விலக்கு என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த வெற்றிடத்தை விளம்பரம் நிரப்பியது. "இல்லை" தரப்பின் முதல் தொலைக்காட்சி விளம்பரத்தில் தாய்மார்கள் பள்ளிப் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். தன் மகன் கவுன் அணிந்து வரலாம் என்று பள்ளியில் சொன்னதாக ஒருவர் கூற, அப்பள்ளியின் முதல்வர் அதை மறுத்தார். கேட்ட கேள்விக்கும் அந்தச் சர்ச்சைக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. ஆனால் வரைவு இல்லாதபோது "தொடர்பில்லை" என்று எதைக் காட்டி நிரூபிப்பது? அயர்லாந்து 2015-ல் இதைச் சரியாகச் செய்தது. அரசியலமைப்பில் சேரப்போகும் வாக்கியமே மக்கள் முன் இருந்தது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்ய அங்கே அனுமதியும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் பிரசாரத்துக்கான விதிகளே தாமதமாகத்தான் வந்தன. விளம்பரத்தை வெளியிடுபவர் பெயர் இருக்க வேண்டும், ஒரு தரப்பை ஒலிபரப்பும் நிலையம் மறு தரப்புக்கும் நியாயமான வாய்ப்பு தர வேண்டும், இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ 12,600 டாலர் வரை அபராதம் என்ற பாதுகாப்புச் சட்டம் செப்டம்பர் 13-ல் நிறைவேறியது. முதல் உறைகள் தபாலில் ஏறியதற்கு மறுநாள்! அதற்குள் விளம்பரங்கள் ஓடத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. "ஆம்" தரப்பும் எரிச்சல் மூட்டத் தவறவில்லை: கேட்காமலே வந்த குறுஞ்செய்திகளைப் பார்த்துப் பலர் கடுப்பானார்கள். அரசியல் செய்திகளுக்கு ஸ்பாம் சட்டத்தில் விலக்கு உண்டு என்பதால் அது சட்டப்படி குற்றமில்லை. சிட்னி வானத்தில் விமானப் புகையால் "இல்லை" என்று எழுதிக் காட்டிய கூத்தும் நடந்தது.

பிரசாரக்காரர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. வாக்குச்சாவடித் தேர்தலில் கடைசி வாரம்தான் காசு கொட்டும் நேரம். தபாலில் அது தலைகீழ். அக்டோபர் 3-ல் வந்த முதல் மதிப்பீட்டிலேயே சுமார் 92 லட்சம் படிவங்கள் திரும்பியிருந்தன. கெடு முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. உறை வீட்டுக்கு வரும் வாரத்தில் போகும் செய்திதான் வேலை செய்யும். அதன்பின் தேவை விளம்பரமில்லை. சமையலறை மேசையில் கிடக்கும் உறையை எடுத்துப் பெட்டியில் போடச்சொல்லும் தொலைபேசி அழைப்புதான்.

பதில் கட்டாயமில்லை. அப்படியிருந்தும் 79.5 சதவீதம் பேர் பதில் அனுப்பினார்கள். 70 முதல் 74 வயதினர் கிட்டத்தட்ட 90 சதவீதம். 25 முதல் 29 வயதினர் 71.9 சதவீதம். தபால் பெட்டி பக்கமே போகாத தலைமுறைக்கு இது மோசமில்லை. உண்மையான தோல்வி வடக்குப் பிரதேசத்தில். அங்கே 58.4 சதவீதம்தான், தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகள் நிறைந்த லிங்கியாரி தொகுதியில் பாதிப்பேர்தான் அனுப்பினார்கள். வீட்டு வாசலுக்குத் தபால் வராத ஊரில் தபாலை நம்பினால் இதுதான் கிடைக்கும்.

முடிவு நவம்பர் 15 அன்று வந்தது: ஆம் 78,17,247, இல்லை 48,73,987, தெளிவற்றவை வெறும் 36,686. 150 தொகுதிகளில் 17-ல் "இல்லை" வென்றது, அவற்றுள் 12 நியூ சவுத் வேல்ஸில். செலவு ஒதுக்கியதைவிடக் குறைந்து சுமார் 8 கோடி டாலரில் நின்றது. இத்தனைக்கும் இந்த முடிவு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மக்கள் முன் வைத்துக் கேட்டிருக்க வேண்டிய மசோதா முடிவு வெளியான அதே நாளில்தான் மேலவைக்கு வந்தது. டிசம்பர் 7-ல் நிறைவேறியபோது வரையறையில் "ஓர் ஆணும் ஒரு பெண்ணும்" போய் "இரு நபர்கள்" என்றானது. டிசம்பர் 9-ல் அமலுக்கு வந்தும், ஒரு மாத முன்னறிவிப்பு விதி இருந்ததால் பெரும்பாலானோர் ஜனவரி 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.